ஈறு ஒன்று, பொருள் பல

பள்ளியிலும் மருத்துவமனையிலும் செய்தித்தாளிலும் நாம் நாள்தோறும் எதிர்ப்படும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு ஈறு ஒன்றே. ‘பயாலஜி’, ‘ஜுவாலஜி’, ‘ஜியாலஜி’, ‘சைக்காலஜி’, ‘கார்டியாலஜி’, ‘டெக்னாலஜி’ என அவை ஒரே அச்சில் வார்த்தெடுத்தவை போல வந்து நிற்கின்றன. ‘லஜி’ என்று முடிந்தால் அஃது ஏதோ ஒரு படிப்பின் பெயர் என்ற அளவில் மாணவர் பலர் மனநிறைவு கொண்டு விடுகின்றனர். வேறு சிலர் அச்சொற்களின் நீளத்தைக் கண்டு அஞ்சிப் பொருளறியாமலே நெட்டுருச் செய்கின்றனர். அச்சமும் வேண்டா, நெட்டுருவும் வேண்டா. பகுபதத்தைப் பகுத்துக் காணப் பழகிய தமிழ் மாணவர்க்கு இச்சொற்கள் எளியனவே. ஆயினும், பகுத்த பின்னரும் இவ்வீறு நம்மை ஏமாற்றும் இடங்கள் சில உள. அவற்றையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இவ்வீற்றின் பிறப்பிடம் இங்கிலாந்து அன்று, கிரேக்க நாடு. கிரேக்க மொழியில் ‘லோகோஸ்’ என்பது ஒரு பெருஞ்சொல். சொல், பேச்சு, கணக்கு, காரணம், பகுத்தறிவு ஆகிய பொருள்கள் எல்லாம் அதற்கு உண்டு. ‘சொல்லுதல்’ எனவும் ‘தொகுத்தல்’ எனவும் பொருள்படும் ‘லெகெய்ன்’ என்னும் வினையோடு உறவுடையது அது. ஒன்றனைப் பற்றி ஒழுங்குபட எடுத்துரைத்தலே ‘லோகியா’ எனப்பட்டது. அது இலத்தீன் மொழியிற் புகுந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தபொழுது தேய்ந்து ‘லஜி’ ஆயிற்று. இறைவனைப் பற்றிய கல்வியைக் குறிக்கும் ‘தியாலஜி’ என்னும் சொல் 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது.

எனினும் இன்று நாம் கேட்கும் ‘லஜி’ச் சொற்கள் எல்லாம் பழங்கிரேக்கர் வாயில் வழங்கியவை என்று எண்ணிவிடுதல் கூடாது. அவற்றுட் பல அவர்கள் ஒருநாளும் கேட்டறியாதவை. உயிரினங்களைப் பற்றிய கல்விக்குப் ‘பயாலஜி’ என்னும் பெயரை 1802ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு லாமார்க் என்பாரும் செருமானிய நாட்டுத் திரெவிரானஸ் என்பாரும் ஒருவரையொருவர் எதிர்பாராமலே ஆண்டனர். பழம்பொன்னை உருக்கிப் புதிய அணிகலன் செய்யும் பொற்கொல்லரைப் போல, ஐரோப்பிய அறிஞர் புதிய அறிவுத்துறை ஒன்று தோன்றும்போதெல்லாம் கிரேக்கச் சொற்களை எடுத்து இணைத்துப் பெயர் சூட்டினர்.

இனி இச்சொற்களின் உறுப்புகளை நோக்குவோம். ‘பயாலஜி’ என்பதில் ‘பயோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் பகுதி. அதற்கு வாழ்வு என்பது பொருள். ‘லஜி’ ஈறு. இரண்டற்கும் இடையே நிற்பது ஓர் உயிரெழுத்து. அது எழுத்திலே ‘ஓ’; ஆங்கிலேயர் நாவில் ஏறக்குறைய ‘ஆ’. தனக்கெனப் பொருளின்றி, முன்னும் பின்னும் நிற்பனவற்றை இணைப்பதே அதன் தொழில். நம் இலக்கணத்தில் இதனைச் ‘சாரியை’ என்போம் அல்லமோ? ‘புளி’யும் ‘காய்’உம் இணையுங்கால் இடையில் ‘அம்’ தோன்றிப் ‘புளியங்காய்’ ஆவது போல்வதே இதுவும். ‘குல மரபு’ எனப் பொருள்படும் ‘ஜீனியாலஜி’யிலும், கனிமங்களைப் பற்றிய ‘மினராலஜி’யிலும் எழுத்துக்கூட்டலில் ‘ஓ’ வாராது; ‘அ’ வரும். அவற்றில் அவ்வுயிர் பகுதியைச் சேர்ந்தது; ஆதலின் சாரியை வேண்டப்படவில்லை. இக்காரணம் அறியாதார் அவ்விரு சொற்களையும் பிழைபட எழுதுவதை அடிக்கடி காணலாம். எழுத்துக்கூட்டலை நெட்டுருச் செய்வதினும் காரணம் அறிந்து எழுதுவது எளிது.

முதற்பகுதி ஒன்றாக நிற்க, ஈறு மட்டும் மாறினால் என்னாகும்? ‘ஜி’ அல்லது ‘கே’ என்பது கிரேக்கத்தில் நிலத்தைக் குறிக்கும். நிலத்தின் அமைப்பை ஆராய்ந்துரைப்பது ‘ஜியாலஜி’. நிலத்தை எழுதிக் காட்டுவது ‘ஜியாகிரபி’. நிலத்தை அளப்பது ‘ஜியாமிதி’. இது நம் கணக்குப் பாடத்தின் வடிவியல் ஆயிற்று. நிலமளந்தவர் கண்ட கணக்கே பின்னர் நிலத்தை விட்டு நீங்கி, கோடும் வட்டமும் மட்டுமே பேசும் தனிக் கல்வியாயிற்று என்பதை அச்சொல்லே நமக்குச் சொல்லுகின்றது. இவ்வாறே ‘பயாலஜி’ உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி. ‘பயாகிரபி’ ஒருவரது வாழ்வை எழுதுதல்.

பெரிய மருத்துவமனைகளுக்குச் சென்றோர் அறிவர். அங்கே ஒவ்வொரு வாயிலின் மேலும் ஒரு ‘லஜி’ எழுதப்பட்டிருக்கும். தமிழ்ப் பெயர் உடனெழுதப் பெற்ற இடங்களில் இடரில்லை. அஃது இல்லாத இடங்களில், சிறுநீரகம் பழுதுற்று ஊரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் ‘நெப்ராலஜி’க்குச் செல்ல வேண்டியவர், ‘நியூராலஜி’யின் முன்னர் அரை நாள் காத்திருக்க நேரும். இரண்டும் செவிக்கு ஒன்று போலவே ஒலிக்கின்றன. ‘நெப்ரோஸ்’ என்பது சிறுநீரகம். ‘நியூரான்’ என்பது நரம்பு. முதலெழுத்து ஒன்றாயிருத்தலின் அவ்விரண்டையும் மயங்குவது இயல்பு. அவரோடு துணைசெல்லும் பள்ளிப் பிள்ளை இவ்விரு கிரேக்கச் சொற்களை மட்டும் அறிந்திருப்பின் அம்முதியவரின் அலைச்சல் தீரும். ‘கார்டியா’ இதயம், ‘டெர்மா’ தோல், ‘ஆப்தல்மோஸ்’ கண், ‘காஸ்டர்’ இரைப்பை, ‘என்டெரான்’ குடல். இரைப்பையையும் குடலையும் ஒருங்கே கொண்டதனால்தான் ‘காஸ்ட்ரோஎன்டராலஜி’ அத்துணை நீண்டது. அதனைக் கண்டு மலைக்க வேண்டா. ‘ஆன்காலஜி’ என்பதில் உள்ள ‘ஆன்கோஸ்’ திரண்ட கட்டியைக் குறிப்பது. அதனால் அது புற்றுநோய் மருத்துவத்திற்குப் பெயராயிற்று.

இவற்றுள் ‘நியூரான்’ என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் தகும். பழங்கிரேக்கத்தில் அது தசைநாரையும் வில்லின் நாணையும் குறித்தது. உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு என்னும் பொருள் அதற்குப் பின்னர் வந்ததே. 17ஆம் நூற்றாண்டில் மூளையை ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் என்பார் ‘நியூராலஜி’ என்னும் பெயரை வகுத்தார். தமிழிலும் ‘நரம்பு’ என்பது யாழில் கட்டிய தந்திக்கும், உடலில் ஓடும் நரம்புக்கும் பொதுவாக வழங்குகின்றது. கிரேக்கர் வில்லிலே கண்டதை நம் முன்னோர் யாழிலே கண்டனர் போலும்! இரு மொழிகளும் ஒன்றிலிருந்து ஒன்று கடன் பெறவில்லை. இழுத்துக் கட்டிய மெல்லிய நார் என்னும் காட்சி ஒன்றே இருவர்க்கும் உவமையாயிற்று.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபொழுது ‘எபிடெமியாலஜி’ என்னும் சொல் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் வரை வந்து சேர்ந்தது. ‘எபி’ என்பது மேல். ‘டெமோஸ்’ என்பது மக்கள். மக்கள் மேல் வந்து கவிவது யாதோ அதனைப் பற்றிய ஆராய்ச்சி அது. இந்த ‘டெமோஸ்’ நமக்குப் புதியது அன்று. மக்களாட்சியைக் குறிக்கும் ‘டெமாக்ரசி’யில் முன்னிற்பதும் அதுவே. அதே நாளில் நாம் கேட்ட ‘வைராலஜி’யில் முன்னிற்கும் ‘வைரஸ்’ கிரேக்கம் அன்று. நஞ்சு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். இலத்தீன் தலையும் கிரேக்க வாலும் கொண்ட இத்தகைய கலப்புச் சொற்களை மேலைநாட்டுச் சொல்லறிஞர் சிலர் இகழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அகஸ்ட் காம்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் ‘சோசியாலஜி’ என்று பெயரிட்டபொழுதும் அவ்விகழ்ச்சி எழுந்தது. ஆனால் சொல்லை நிலைநிறுத்துவோர் அதனை வழங்கும் மக்களேயன்றி இகழ்வோர் அல்லர். அச்சொல் இன்றும் நிற்கின்றது.

செவிக்கு ஒன்று போல் ஒலித்துப் பொருளால் வேறுபடும் இணைகள் இன்னும் உள. ‘எட்டிமாலஜி’ என்பதும் ‘என்டமாலஜி’ என்பதும் ஓரிணை. முன்னது சொல்லின் பிறப்பை ஆராய்வது. பின்னது பூச்சிகளை ஆராய்வது. ‘எட்டிமோஸ்’ என்றால் மெய்யானது. சொல்லின் மெய்ப்பொருள் அதன் பிறப்பிலே உள்ளது என்று கிரேக்கர் கருதினமையால் அப்பெயர் ஏற்பட்டது. ‘என்டமான்’ என்றால் வெட்டுண்டது. எறும்பையோ குளவியையோ உற்று நோக்குக. தலை, மார்பு, வயிறு எனக் கத்தியால் கீறி வகுத்தாற் போல அதன் உடல் மூன்று கூறாய் இருத்தலைக் காண்பீர். அதனைக் கண்டே அரிஸ்டாட்டில் அவற்றை வெட்டுண்ட உடலின எனக் குறித்தார். உரோமர் அச்சொல்லைத் தம் மொழியிற் பெயர்த்து ‘இன்செக்டம்’ என்றனர். ஆங்கிலத்தில் பூச்சிக்கு வழங்கும் ‘இன்செக்ட்’ என்பது அதுவே. ஆகவே ஆங்கிலேயன் பூச்சி என்று சொல்லும்பொழுதெல்லாம் தன்னையறியாமல் அரிஸ்டாட்டிலின் கண்கொண்டே பார்க்கின்றான்.

மற்றோர் இணை ‘மீட்டியராலஜி’யும் ‘மெட்ராலஜி’யும். ‘மெட்ரான்’ என்பது அளவு. கடையிலுள்ள துலாவும் படிக்கல்லும் முத்திரையிடப்பட்டிருத்தலைக் கண்டிருப்பீர்கள். அதற்குரிய 2009ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஆங்கிலத்தில் ‘மெட்ராலஜி’ என்னும் சொல்லையே கொண்டுள்ளது. அது நிறுத்தலையும் அளத்தலையும் பற்றியது. ‘மீட்டியராலஜி’யோ புயலையும் மழையையும் பற்றியது. 1875ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையின் ஆங்கிலப் பெயரில் உள்ளது அச்சொல்லே. ‘மீட்டியர்’ என்றால் எரிமீன் ஆயிற்றே, எரிமீனுக்கும் மழைக்கும் என்ன தொடர்பு என்று ஒரு மாணவன் வினவுவானாயின் அவனைப் பாராட்டுதல் வேண்டும். கிரேக்கத்தில் ‘மீட்டியோரோஸ்’ என்பது உயரே தொங்குவது என்னும் பொருளது. முகிலும் மின்னலும் பனியும் எரிமீனும் எல்லாம் உயரே தோன்றுவனவே. அரிஸ்டாட்டில் இப்பெயரால் எழுதிய நூலில் மழை, காற்று, இடி ஆகியவற்றோடு எரிமீனையும் வால்மீனையும் ஒருங்கே வைத்து விளக்கினார். பிற்காலத்தார் எரிமீனையும் வால்மீனையும் வானியலுக்குரியன என்று பிரித்து விட்டனர். பெயர் மட்டும் மழையோடு தங்கிவிட்டது.

இதுகாறும் கூறியவற்றில் ‘லஜி’ என்பது ஏதோ ஒன்றன் ஆராய்ச்சியாகவே நின்றது. இனி அவ்வாறு நில்லாத சொற்கள். இங்கேதான் மாணவர் மிகுதியும் வழுவுகின்றனர்.

‘அபாலஜி’ என்பது எதனைப் பற்றிய கல்வி? எதனைப் பற்றியதும் அன்று. இன்றைய ஆங்கிலத்தில் அது மன்னிப்பு வேண்டுதலைக் குறிக்கும். ஆயினும் அதன் பழம்பொருள் வேறு. ‘அப்போ’ என்பது விலக்கலைக் குறிக்கும் முன்னொட்டு; ‘லோகோஸ்’ இங்கே பேச்சு. தன்மேல் சாட்டிய குற்றத்தை விலக்கிப் பேசும் மறுமொழியே ‘அப்பொலோகியா’. கி.மு. 399ஆம் ஆண்டில் ஏதென்சு நகரத்து நடுவர் அவையின் முன்னர், எழுபது வயதுற்ற சாக்ரடீசு நிறுத்தப்பட்டார். இளைஞரைக் கெடுத்தார் என்பதும், நகரத்தார் வழிபடும் தெய்வங்களை மதித்திலர் என்பதும் அவர்மேல் சாட்டிய குற்றங்கள். அன்று அவர் பேசியதாக அவர்தம் மாணவர் பிளேட்டோ எழுதிய நூலுக்கு இச்சொல்லே பெயர். ஆங்கிலத்திலும் அந்நூல் ‘அபாலஜி’ என்றே வழங்குகின்றது. இன்றைய பொருளை மட்டும் அறிந்த ஒருவன் அதனைச் ‘சாக்ரடீசின் மன்னிப்புரை’ எனப் பெயர்த்தால் யாதாகும்? அவ்வவையில் அவர் மன்னிப்பு வேண்டினாரல்லர். குற்றவாளி எனத் தீர்ப்பளித்த பின்னர், தமக்கு ஏற்ற தண்டனை யாது என்று கேட்கப்பட்டபொழுதும், நகரத்துக்கு நன்மை செய்தோர்க்கு அளிப்பது போலப் பொதுமன்றத்தில் உணவளித்துத் தம்மைச் சிறப்பித்தலே தகும் என்றார். உயிர் போகும் நிலையிலும் பணிந்து வேண்டாத ஒருவரை, ஒரு சொல்லின் பொருளை மயங்கிப் பணிந்து வேண்டியவராக ஆக்கிவிடுவோம் அல்லமோ? ‘எதிர்வழக்குரை’ என்றோ ‘தன்னிலை விளக்கம்’ என்றோ பெயர்ப்பதே முறை.

‘ஆந்தாலஜி’ என்பதும் இவ்வாறே ஏமாற்றும். ‘ஆந்தோஸ்’ என்றால் மலர். ஆகவே மலர்களைப் பற்றிய ஆராய்ச்சி என்று எண்ணத் தோன்றும். ‘லெகெய்ன்’ என்னும் வினைக்குத் தொகுத்தல் என்னும் பொருளும் உண்டு என்று முன்னர்க் கூறினோம். அப்பொருளே இங்குக் கொள்ளப்பட்டது. மலர் கொய்து தொகுத்தல் என்பது சொற்பொருள். பலர் பாடிய பாடல்களைத் தேர்ந்து தொகுத்த நூல் என்பது வழக்குப்பொருள். கி.மு. முதல் நூற்றாண்டில் மெலியாகர் என்னும் புலவர் கிரேக்கப் பாடல்கள் பலவற்றைத் தொகுத்து ‘மாலை’ எனப் பெயரிட்டார். அதன் முகப்பில் ஒவ்வொரு புலவரையும் ஒவ்வொரு மலராக உருவகித்தார். தொகை, கோவை, மாலை என்று நூற்பெயர் வழங்கும் மரபிலே வளர்ந்த நமக்கு இக்கருத்து அயலாகத் தோன்றுமா? எட்டுத்தொகையை ஆங்கிலேயர்க்கு அறிமுகப்படுத்துவோர் ‘ஆந்தாலஜி’ என்ற சொல்லையே ஆளுகின்றனர். அது முற்றும் பொருந்தும்.

‘ட்ரிலஜி’ என்பது ஒன்றையொன்று தொடரும் மூன்று நூல்கள்; முதலில் அது ஏதென்சு நகரத்து விழாவில் ஒரு புலவர் அரங்கேற்றிய மூன்று துன்பியல் நாடகங்களைக் குறித்தது. ‘யூலஜி’ என்பது புகழுரை. ‘அனாலஜி’ ஒப்புமை. ‘டாட்டாலஜி’ என்பது சொன்னதையே மீண்டும் சொல்லுதல். நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ என்பது அதுவே. இவற்றுள் எதுவும் படிப்பின் பெயர் அன்று. பேச்சு என்னும் பொருளோ, கணக்கு என்னும் பொருளோ இவற்றில் நிற்கின்றது.

இன்னும் ஒரு கூட்டம் உளது. அதன் ஏமாற்று மேலே கூறியவற்றினும் பெரிது. ஈறு ‘லஜி’, பொருளும் ‘பற்றிய ஆராய்ச்சி’ என்பதே. ஆனால் ஆராய்ச்சி மெய்யானதுதானா?

‘ஆஸ்ட்ரான்’ என்பது விண்மீன். விண்மீன்களைப் பற்றி இரண்டு பெயர்கள் உள: ‘ஆஸ்ட்ராலஜி’, ‘ஆஸ்ட்ரானமி’. பின்னதன் ஈறாகிய ‘நோமோஸ்’ ஒழுங்கு அல்லது சட்டம் எனப் பொருள்படும். இடைக்காலத்தில் இவ்விரு பெயர்களும் ஒன்றற்கு மற்றொன்று வழங்கின. இரண்டு தொழில்களையும் ஒருவரே செய்தும் வந்தனர். கோள்கள் கதிரவனைச் சுற்றும் விதிகளைக் கண்ட கெப்ளரே பொருள்வேண்டிப் பெருமக்களுக்குப் பிறப்புக்குறிப்புக் கணித்துக் கொடுத்தார். பின்னர் இரண்டும் பிரிந்தன. அளந்தும் கணித்தும் எவரும் சோதித்தறியத் தக்க கல்வி ‘ஆஸ்ட்ரானமி’ என நின்றது. கோள்களால் ஒருவன் நல்வினை தீவினைகளை உரைப்பது ‘ஆஸ்ட்ராலஜி’ எனத் தங்கிற்று. ‘லஜி’ என்னும் பெருமைக்குரிய ஈறு சென்று சேர்ந்த இடத்தைக் காண்க! தமிழிலோ இது நேர்மாறாக அமைந்தது. சோதித்தறியும் கல்விக்கு ‘வானியல்’ என்று பெயரிட்டோம். மற்றதற்குச் ‘சோதிடம்’ என்னும் பழம்பெயரையே விட்டுவைத்தோம். இவ்வொன்றில் தமிழ் வழக்கே தெளிவுடையது என்பது என் துணிபு.

‘பிரெனாலஜி’யின் கதை இதனினும் கொடிது. ‘பிரென்’ என்றால் மனம். வியன்னா நகரில் மருத்துவம் செய்த கால் என்னும் செருமானியர், மனத்தின் ஒவ்வோர் இயல்புக்கும் மூளையில் தனியிடம் உண்டென்றும், அவ்விடம் பருத்திருப்பின் மண்டையோடு அங்கே புடைத்திருக்குமென்றும், ஆகவே தலையைத் தடவியே ஒருவனது குணத்தை அறியலாமென்றும் கருதினார். அவர்தம் துணைவர் ஸ்புர்சைம் என்பார் ‘பிரெனாலஜி’ என்னும் பெயரைப் பரப்பினார். 1820ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் அதற்கென ஒரு கழகமே தோன்றிற்று. கிரேக்கப் பெயரும், வட்டங்கள் வரைந்த தலைப் படங்களும் கண்டு, கற்றோரும் மயங்கினர். பணியாளரை அமர்த்துவோர் அவர்தம் தலையைச் சோதிப்பித்தனர். வேற்று இனத்தார் பிறப்பிலேயே அறிவில் தாழ்ந்தவர் என்று நாட்டவும் இதனையே சான்றாகக் கொண்டனர். புளூரன்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் விலங்குகளின் மூளையில் செய்த சோதனைகள் இக்கொள்கையை ஆதரிக்கவில்லை. மண்டையோட்டின் புறவடிவம் மூளையின் வடிவை அவ்வாறு காட்டுவதும் இல்லை. மூளையின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு தொழில் உண்டு என்னும் ஒரு கருத்து மட்டும், 1861ஆம் ஆண்டில் புரோக்கா என்னும் மருத்துவர் பேச்சிழந்த நோயாளரிடம் செய்த ஆராய்ச்சியால், வேறு வழியிலே வலுப்பெற்றது. தலையைத் தடவிக் குணம் கண்ட கலை மறைந்தது. பெயரின் ஈறு அதனைக் காக்கவில்லை. ஆயினும் அது வாழ்ந்த காலத்தில் அவ்வீறே அதற்கு மதிப்பைத் தேடித் தந்தது. இன்றும் விளம்பரங்களில் புதிது புதிதாக ‘லஜி’கள் தோன்றுகின்றன, எண்ணைக் கொண்டு பலன் சொல்லும் ‘நியூமராலஜி’க்காகத் தம் பெயரின் எழுத்தையே மாற்றிக்கொள்வோரையும் காண்கின்றோம். மறுதலையாக, பௌதிகத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிசிக்ஸ்’, வேதியியலுக்குரிய ‘கெமிஸ்ட்ரி’, தாவரவியலுக்குரிய ‘பாட்டனி’ ஆகியவற்றுக்கு ‘லஜி’ இல்லை. அவை அதனால் குறைந்தன அல்ல.

ஒரு துறையின் பெயராய்ப் பிறந்து, நாளடைவில் அத்துறை ஆராயும் பொருளுக்கே பெயராகிவிட்ட சொற்களும் உண்டு. ‘டெக்னே’ என்பது கைத்தொழில். 1777ஆம் ஆண்டில் செருமானியப் பேராசிரியர் பெக்மன் ‘டெக்னாலஜி’ என்று பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். தொழில்களைப் பற்றிய அறிவே அங்குப் பேசப்பட்டது. இன்றோ கைப்பேசியையும் கணினியையும் காட்டி ‘இதுவே டெக்னாலஜி’ என்கின்றனர். ஆகவே தமிழில் ‘தொழில்நுட்பவியல்’ என்பதினும் ‘தொழில்நுட்பம்’ என்பதே பெருவழக்காயிற்று. ‘ஐடியாலஜி’யும் அத்தகையதே. 1796ஆம் ஆண்டில் தெ திரேசி என்னும் பிரெஞ்சு அறிஞர் கருத்துகள் தோன்றும் முறையை ஆராயும் கல்விக்கு அப்பெயரிட்டார். நெப்போலியன் அக்கூட்டத்தாரை எள்ளி நகையாடினான். இன்று அது கொள்கையையே குறிக்கும். ‘எக்காலஜி’ என்பதை 1866ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் ஹெக்கல் ஆக்கினார். அதில் முன்னிற்கும் ‘ஆய்க்கோஸ்’ என்பதற்கு வீடு என்று பொருள். உயிர்கள் தாம் வாழும் இடமாகிய வீட்டோடும், அவ்வீட்டில் உடனுறைவாரோடும் கொண்ட உறவை ஆராய்வது அது. வீட்டை ஒழுங்குற நடத்துதல் என்னும் பொருளில் பிறந்த ‘எகானமி’க்கும் அதே வீடே முதல்.

‘லஜி’கள் இவ்வாறு பெருகியதைக் கண்டு 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளர் நகைத்ததும் உண்டு. 1854ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹார்ட் டைம்ஸ்’ என்னும் புதினத்தில் சார்லஸ் டிக்கன்ஸ், தம் மக்களுக்குச் செய்திகளையன்றி வேறெதனையும் கற்பியாத தந்தை ஒருவரைப் படைத்தார். அவர்தம் மனைவி இறக்குந் தறுவாயில், மக்கள் எல்லா ‘லஜி’களையும் கற்றனர் என்றும், ஆயினும் ‘லஜி’ அல்லாத ஏதோ ஒன்றை அவர் விட்டுவிட்டார் என்றும் மகளிடம் சொல்லுகின்றாள். அஃது யாது என்பது அவள் வாயில் வரவில்லை.

இச்சொற்களைத் தமிழில் ஆக்க முற்பட்டபொழுது நம் அறிஞர் எதிர்ப்பட்ட சிக்கலும் ஈற்றைப் பற்றியதே. தொடக்கத்தில் ‘சாத்திரம்’ என்னும் வடசொல் வழங்கிற்று. 1916ஆம் ஆண்டில் சேலத்தில் கலைச்சொல் ஆக்குதற்கென ஏற்பட்ட சங்கமே தன் பெயரில் அச்சொல்லைக் கொண்டிருந்தது. பின்னர் ‘நூல்’ என்னும் தமிழ்ச்சொல்லைச் சிலர் ஆண்டனர்; ‘வானநூல்’, ‘உளநூல்’, ‘உயிர்நூல்’ என்றனர். கேட்க இனியவை, ஆயினும் கல்வியைக் குறித்தனவா, ஏட்டைக் குறித்தனவா என்னும் ஐயம் அவற்றில் நீங்கவில்லை. முடிவில் நிலைபெற்றது ‘இயல்’. அது புதிதாகத் தேடிக் கண்டதன்று. தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களும் ஒவ்வொன்றும் ஒன்பது இயல்களாக வகுக்கப்பட்டுள்ளன. எழுத்தொலி உடலிற் பிறக்கும் முறையை உரைப்பது பிறப்பியல். பெயர்ச்சொல்லின் தன்மையை உரைப்பது பெயரியல். வினைச்சொல்லின் தன்மையை உரைப்பது வினையியல். ‘ஒன்றன் தன்மையை எடுத்துரைப்பது’ என்னும் அப்பொருள் ‘லோகியா’வுக்கு மிக அணித்தானது. ஆங்கிலத்தில் ‘லஜி’ பெறாத பௌதிகமும் தமிழில் ‘இயற்பியல்’ ஆகி ஈறு பெற்றது. அரசனுக்குரிய தன்மைகளைக் கூறும் குறட்பகுதிக்குப் பெயராயிருந்த ‘அரசியல்’ மட்டும், ‘டெக்னாலஜி’யைப் போலவே, கல்வியை விட்டு நீங்கித் தேர்தலுக்கும் கட்சிக்கும் பெயராகிவிட்டது. அக்கல்வியைக் குறிக்க இன்று ‘அரசியல் அறிவியல்’ என இரண்டு இயல்கள் வேண்டியிருக்கின்றன.

இறுதியாக ஒரு சொல். ‘பிலாலஜி’ என்பதில் முன்னிற்கும் ‘பிலோஸ்’ அன்பைக் குறிக்கும். அன்பைப் பற்றிய ஆராய்ச்சி என்று பொருள்கொள்ளுதல் கூடாது. இங்கே ஈறாக நிற்கும் ‘லோகோஸ்’ ஆராய்ச்சி அன்று. அன்பு செய்யப்படும் பொருள் அதுவே. சொல்லின்பாலும் கல்வியின்பாலும் கொண்ட காதல் என்பது பொருள். பழமொழிகளையும் பழநூல்களையும் ஒப்பிட்டு ஆராயும் துறைக்கு அது பெயராயிற்று. கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அத்துறையைச் சார்ந்தது.